முன்சரிபார்ப்பு வாரியம் எட்டிய பூஜ்யம்

நாற்பது நிமிட வேலை ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கு ஒன்பது பேரும் ஒரு நீள மேஜையும் இரண்டு மாதமும் வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் சர்வர் அக்கா நம்பியிருக்க மாட்டாள். பன்னிரண்டு வருடம் அந்த அலுவலகத்தில் குப்பை கொட்டிய பிறகும் அவளிடம் அந்த அளவு வெகுளித்தனம் மிச்சம் இருந்தது.

சர்வர் அக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அவளைக் கேன்டீனில் பரிமாறுகிறவள் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் கேட்பார்கள். அவளும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் பார்த்துக்கொள்வது மூன்றாவது மாடிக் குளிர் அறையில் இரைந்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டரை என்று சாவகாசமாகச் சொல்வாள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஊரின் டயாலிசிஸ் மையத்துடைய இணையதளமும் முறைப்பட்டியலும் இருந்தன. சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை மெஷின் வைத்துச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் இடம் அது. யார் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பட்டியல் சொல்லும். மையத்தின் கண்ணாடிக் கதவு அந்தப் பட்டியலைக் கேட்டுத்தான் திறக்கும். பெயர் இல்லாதவர் தன் அட்டையை எத்தனை முறை தேய்த்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும்.

அந்தப் பட்டியலின் முதல் வரிசையில், செவ்வாய் வியாழன் சனி காலை ஆறு மணிக்கு நேராக, பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. ஒரு பெயர் அவளுடைய அண்ணன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், மூன்று வருடமாக இந்த வரிசையில் இருக்கிறான். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் படுத்து மூச்சு விட முடியாது. மூன்றாவது முறை தவறினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

இப்படி ஒரு சர்வரை உள்ளே இறங்கித் திருகாமல், வெளியே ஒரு திரையில் பொத்தானைத் தட்டியே நடத்துவதற்குக் கண்ட்ரோல் பேனல் என்று ஒன்று உண்டு. அதைச் செய்த கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பழைய பதிப்பு இரண்டு மாதத்தில் பூட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு யாரும் எதையும் திருத்த முடியாது, அதற்குள் புதியதற்கு மாறிவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். சர்வர் அக்கா ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதினாள். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல். அடுத்து, புதிய பேனலோடு ஒத்துப்போகாத இரண்டு துணை மென்பொருள்களைக் கழற்றுவது. பிறகு பேனலை மாற்றுவது. கடைசியாக, கழற்றிய இரண்டின் புதிய பதிப்பைத் திரும்பப் போடுவது. மொத்தம் நாற்பது நிமிடம். தேநீர் இடைவேளையைச் சேர்த்தால் ஐம்பது.

ஆனால் எதை மாற்றுவதானாலும் முன்சரிபார்ப்பு வாரியத்தின் சம்மதம் வேண்டும். பல வருடங்களுக்கு முன் யாரோ அவசரப்பட்டு எதையோ புதுப்பிக்கப் போய், பழையதும் புதியதும் ஒன்றோடொன்று மோதி, அரை நாள் மின்னஞ்சல் போகாமல் நின்றுவிட்டது. அந்த அரை நாளின் நினைவாக அமைக்கப்பட்டது இந்த வாரியம். அன்றிலிருந்து ஒன்பது வருடமாக ஒரு மோதலும் நடக்கவில்லை. ஒன்பது வருடமாக எதுவும் புதுப்பிக்கப்படவும் இல்லை. முதல் வாக்கியத்தை மட்டும் வாரியம் தன் ஆண்டறிக்கையில் வழவழப்பான தாளில் தடித்த எழுத்தில் அச்சடித்து எல்லா மாடிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது.

வாரியத்தின் தலைவரை முதுகுக்குப் பின்னால் பூஜ்யத்தார் என்பார்கள். குரல் உயர்த்தாத மனிதர். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், எதிரில் இருப்பவர் மேஜை மேல் சாய்ந்துதான் கேட்க வேண்டியிருக்கும். அவருக்கு வலப்பக்கம் குறிப்பெழுதும் அம்மாள் உட்கார்ந்திருப்பார். கூட்டத்தில் யார் பேசினாலும் இருமினாலும் பச்சை மையில் எழுதிவிடுவார். மீதி ஏழு பேர் தலையாட்டுவதற்கு.

"உக்காருங்கம்மா" என்றார் பூஜ்யத்தார். அவளுடைய ஒரு பக்கக் குறிப்பை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லாதது அவருக்கு வருத்தமாக இருந்தது போல. "இதுல மூணாவதா, பேனலை மாத்துறதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். அதுக்குத்தானே இதெல்லாம்."

"இந்த வாரியம் எதையும் மாத்துறதில்லம்மா. மாத்துறதுக்குத் தயாரா இருக்கோமான்னு பாக்குறதுதான் நம்ம வேலை. மாத்திட்டா அப்புறம் எதுக்குத் தயாரா இருக்குறது, சொல்லுங்க?"

ஏழு பேரும் தலையாட்டினார்கள். அவர் கேட்டது கேள்வியா பதிலா என்று சர்வர் அக்காவுக்குப் பிடிபடவில்லை.

கம்பெனியே ஒரு சோதனைக் கருவி கொடுத்திருந்தது. புதிய பேனலுக்குத் தெரியாதவை சர்வரில் என்னென்ன இருக்கின்றன என்று அது பட்டியல் போடும். ஓட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தொரு வரி வந்தது. அடியில் சின்ன எழுத்தில் கம்பெனி ஒரு குறிப்பும் போட்டிருந்தது. இவற்றில் பெரும்பாலானவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை, படித்துப் பார்த்து முடிவு செய்துகொள்ளவும் என்று.

"ரெண்டு வரிதான் சார் பிரச்சினை" என்றாள் அவள். "மத்ததெல்லாம் அது பாட்டுக்கு இருக்கும். படிச்சுப் பாத்தா தெரியும்."

"படிச்சுப் பாக்குறதுன்னு வந்துட்டா ஆளாளுக்கு ஒரு மாதிரி படிப்பாங்கம்மா. பூஜ்யத்தை எல்லாரும் ஒரே மாதிரிதான் படிக்க முடியும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டியல் பூஜ்யத்துக்கு வரட்டும். மத்ததை அப்புறம் பேசலாம்."

இப்படித்தான் நீக்கல் கூட்டங்கள் ஆரம்பித்தன. திங்கள், புதன், வெள்ளி பத்து மணிக்கு, நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கோப்பு. அதை நிறுவியவர் எழுந்து நின்று, கோப்பை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "நான் நிறுவினேன், நானே நீக்குகிறேன், எனக்கு வருத்தமில்லை" என்று வாசிக்க வேண்டும். மூன்றாவது பகுதியை முணுமுணுத்தால் மறுபடி வாசிக்கச் சொல்வார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நிற்பார்கள், பூஜ்யத்தார் முத்திரை குத்துவார், கோப்பு இரும்பு அலமாரிக்குள் போகும். எழுத்துரு மாற்றும் ஒரு சின்ன நிரலுக்காக ஒன்பது பேர் எழுந்து நின்றதை முதல் நாள் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அதையும் குறிப்பெழுதும் அம்மாள் எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் பட்டியல் நாற்பத்தொன்றிலிருந்து அறுபத்து மூன்றானது. ஒன்றைப் பிடுங்கினால் அதை நம்பி நின்ற நான்கு அந்தரத்தில் தொங்கும், தொங்குபவை எல்லாம் புதிதாகப் பட்டியலில் ஏறும். இதைச் சர்வர் அக்கா படம் போட்டு விளக்கினாள். படம் நன்றாக இருப்பதாக ஒரு உறுப்பினர் சொன்னார். அந்தப் படத்தை எந்த மென்பொருளில் வரைந்தாள் என்று இன்னொருவர் கேட்டார், அதுவும் ஒரு வரியாகப் பட்டியலில் ஏறியது.

ஏழாவது கூட்டத்தில், நகல் எடுக்கும் மென்பொருளின் முறை வந்தது. அவள் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே பேசினாள்.

"சார், இது போயிட்டா நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆனா திருப்பி எடுக்க வழி இருக்காது."

"ஏற்கெனவே எடுத்த நகல் இருக்குல்ல?"

"இருக்கு சார். போன வாரம் வரைக்கும்."

பூஜ்யத்தார் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். "இருபத்திரண்டாவது வரி. அதுவும் பேனலுக்குத் தெரியாத கோப்புதாம்மா. ரெண்டையும் சேத்தே வாசிச்சிடுங்க, நேரம் மிச்சம்."

வாசித்தாள். மூன்று வருடத்து நகல்கள் போக ஆறு நொடி ஆனது.

அடுத்த வாரம் மெயில்காரர் போனார். மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டவர் அவர், அவளுக்குப் பக்கத்து மேஜை, எப்போதும் காதில் பேனா. பட்டியலில் நிறுவியவர் என்று ஒரு பத்தி இருந்தது. பதினான்கு வரிக்கு நேராக அவர் பெயர் வந்துகொண்டே இருந்தது வாரியத்துக்கு உறுத்தியிருக்கிறது. மென்பொருளை ஒவ்வொன்றாக நீக்குவதைவிட அவருடைய கணக்கை நீக்கினால் பதினான்கும் ஒரே அடியாகப் போகும் என்று ஒரு உறுப்பினர் கண்டுபிடித்தார். கணக்கு போனதும் அவருடைய அடையாள அட்டை வாசலில் வேலை செய்யவில்லை. காவலாளி பார்வையாளர் சீட்டைக் கொடுத்தார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற இடத்தில் மெயில்காரர் தன் பெயரையே எழுதினார். காவலாளி மேலே போன் போட்டுக் கேட்டார், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதில் வந்தது.

மூன்று நாள் அவர் கீழே பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டுப் பை மடியில். நான்காம் நாள் காணோம். மேலே அவர் நாற்காலியும் காணோம், தரையில் நாலு சக்கரத் தடம் மட்டும் இருந்தது. சர்வர் அக்கா அவர் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"ஆபீஸுக்குத்தானேம்மா போயிருக்காரு" என்றார் அவர் மனைவி. "ஏன், அங்க இல்லையா?"

அவள் பதில் சொல்வதற்குள் குறிப்பெழுதும் அம்மாள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். லைனில் ஏதோ கோளாறு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் அண்ணன் கேட்டான். "என்ன ஆச்சு உன் அப்கிரேடு? ரெண்டு மாசமா இழுக்குறீங்க."

"பட்டியல் இன்னும் பூஜ்யம் ஆகல."

"லிஃப்ட்டைப் பிரிக்கணும்னா நாங்களும் ஆளை இறக்கிட்டுத்தான் பிரிப்போம். ஆனா பிரிக்குறதுக்குன்னே ஒரு நாளும் பிரிச்சதில்ல." அவன் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டான். "நீ ஒழுங்கா சாப்பிடு. உன் மூஞ்சியப் பாத்தா நான்தான் உனக்குத் துணைக்கு வரணும் போல இருக்கு."

பேனல் பூட்டிக்கொள்ள ஆறு நாள் இருக்கும்போது பட்டியல் நிஜமாகவே பூஜ்யம் ஆனது. சர்வரில் முறைப்பட்டியலையும் அதைக் காட்டும் பக்கத்தையும் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. சர்வர் அக்காவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. போனது போகட்டும், இனி பேனலை மாற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம், அந்த நாற்பது நிமிடத்தை இன்றே கேட்டுவிடலாம் என்று நான்காவது மாடிக்கு ஓடினாள்.

அங்கே ஒன்பது பேரும் ஒரு தாளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"கருவி பாக்குறதைத்தாம்மா கருவி பாக்கும்" என்றார் பூஜ்யத்தார், பாதி காதில் விழாத குரலில். "அது பாக்காததைப் பாக்கத்தான் நம்மள உக்கார வச்சிருக்காங்க. குறிப்பெழுதுற அம்மா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க."

சர்வரில் ஒவ்வொரு மென்பொருளும் எண் போட்ட ஒரு வாசலில் நின்றுதான் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும். ஒரே எண்ணில் இரண்டு நின்றால் எதுவும் வேலை செய்யாது, அதனால் ஒரு எண்ணுக்கு ஒன்றுதான் என்று கம்பெனி விதி எழுதியிருந்தது. வாஸ்தவமான விதி. அதைக் குறிப்பெழுதும் அம்மாள் எழுத்துப் பிசகாமல் படித்துவிட்டு, முறைப்பட்டியலையும் எடுத்துப் படித்திருக்கிறார்.

"ஆறுங்குற எண்ணுல பன்னிரண்டு பேர் நிக்குறாங்க சார்" என்றார் அவர். இரண்டு மாதத்தில் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் முறை.

"அது காலைல ஆறு மணிங்க" என்றாள் சர்வர் அக்கா. "அவங்க மனுஷங்க. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு மெஷின் இருக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல படுத்துக்கலாம்."

"மெஷின் எத்தனைங்குறது நம்ம வரம்புக்குள்ள வராது." பூஜ்யத்தார் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "நமக்கு முன்னாடி இருக்குறது ஒரு எண், பன்னிரண்டு பெயர். அதை மோதல்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது? ஒரு எண்ணுக்கு ஒரு பெயர். மொதல் வரிசையில ஆரம்பிப்போம், மத்த வரிசையெல்லாம் அடுத்தடுத்த கூட்டத்துல."

"சார், பேர் இல்லன்னா கதவு திறக்காது. ரத்தம் சுத்தம் பண்ணலன்னா ஒரு வாரம் தாங்க மாட்டாங்க."

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. யாரையும் ஒண்ணும் பண்ணச் சொல்லலையே. ஒரு அட்டவணையைச் சரி பண்ணச் சொல்றோம்."

அவள் மையத்துக்குப் போன் போட்டாள். மையத்தின் மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கதவு பட்டியலைத்தான் கேட்கும் என்றும், தாங்கள் கதவைத்தான் கேட்போம் என்றும், பட்டியலில் சந்தேகம் இருந்தால் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பேசும்படியும் சொல்லி, அவளுடைய எண்ணையே அவளுக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வந்தது. பேனல் மாலை ஆறு மணிக்குப் பூட்டிக்கொள்ளும் நாள். பூஜ்யத்தார் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"மூணு மணிக்குள்ள அந்த வரிசையில ஒரு பெயர் இருக்கணும். எந்தப் பெயர்னு நாங்க சொன்னா பாரபட்சம்னு ஆயிடும், அதனால உங்ககிட்டயே விட்டுட்டோம். நீங்க செய்யலன்னா வாரியமே செஞ்சிடும். வாரியம் செஞ்சா ஒரு பெயரும் இருக்காது. அதுவும் மோதல் இல்லாத நிலைதான்."

"ஒரு பேர் ஆக்கிட்டா பேனலை மாத்த விடுவீங்களா?"

"தயாரா இருக்கோம்னு குறிப்பு எழுதிடுவோம்மா."

அவள் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டாள். ஆம் என்று எடுத்துக்கொள்ளாவிட்டால் அவளால் மூன்றாவது மாடிவரை இறங்கியிருக்க முடியாது. மூன்று மணிக்கு நீக்கினால் மூன்றே முக்காலுக்குப் புதிய பேனல் வந்துவிடும், நாலு மணிக்குள் பதினோரு பேரையும் திரும்ப எழுதிவிடலாம். ஒருவருக்கும் ஒரு முறைகூடத் தவறாது. இதை மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள், நாலாவது தடவை கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

குளிர் அறையில் உட்கார்ந்து வரிசையைத் திறந்தாள். பன்னிரண்டு பேரையும் அவளுக்குத் தெரியும். தையல்காரர், ஊசி குத்தும் கைக்குத் தோதாக எல்லோருடைய சட்டைக்கும் ஜிப் வைத்த கை தைத்துக் கொடுத்தவர். பூகோள வாத்தியார், மெஷினில் கிடக்கும் நாலு மணி நேரமும் தலைநகரங்களைக் கேட்டு எல்லோர் உயிரையும் எடுப்பவர், பதில் தெரியாதவர்களுக்கு அவரே மதிப்பெண் போட்டுவிடுவார். இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தாய் ஒருத்தி, குழந்தைகளின் மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றே விடிகாலை வரிசையைக் கேட்டு வாங்கியவள். பதினோரு பெயரையும் அட்டை எண்ணோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

குறிப்பெழுதும் அம்மாள் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விதிப்படி ஒவ்வொரு பெயருக்கும் அந்த வாசகத்தைச் சொல்ல வேண்டும். நான் நிறுவினேன், நானே நீக்குகிறேன், எனக்கு வருத்தமில்லை. தையல்காரருக்குச் சொன்னாள். வாத்தியாருக்குச் சொன்னாள். இரட்டைக் குழந்தைக்காரிக்குச் சொல்லும்போது மூன்றாவது பகுதியை முணுமுணுத்தாள், அம்மாள் பேனாவால் மேஜையைத் தட்டி மறுபடி சொல்ல வைத்தார். பதினோரு முறை சொல்லி முடித்தபோது அண்ணன் பெயர் மட்டும் வரிசையில் தனியாக இருந்தது. வேறு பெயரை விட்டுவைப்பதா என்று அவள் ஒரு நொடிகூட யோசித்திருக்கவில்லை. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று மணிக்கு வாரியத்தின் முன்னால் நின்றாள். பட்டியல்: பூஜ்யம். மோதல்: பூஜ்யம். பூஜ்யத்தார் எழுந்து நின்றார், எல்லோரும் எழுந்தார்கள். வாரியத்தின் வரலாற்றில் முதல் முறையாக முழுத் தயார்நிலை எட்டப்பட்டிருப்பதாக அவர் நா தழுதழுக்கச் சொன்னார்.

"இப்ப மாத்திடலாமா சார்? மூணு மணி நேரம்தான் இருக்கு."

பூஜ்யத்தார் அவளைப் பார்த்த பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது. "மாத்தினா புது பேனல் தன்னோட சாமான்களையும் கொண்டுவருமேம்மா. எத்தனை?"

"பத்தொன்பது இருக்கும். ஆனா அதெல்லாம் அதோட சொந்த..."

"பத்தொன்பது. இன்னைக்குப் பூஜ்யமா இருக்குறது நாளைக்குப் பத்தொன்பது ஆகும். இத்தனை பேர் ரெண்டு மாசம் உழைச்சுக் கொண்டுவந்த பூஜ்யத்தை நீங்களே கெடுக்கணும்னு சொல்றீங்க. யோசிச்சுப் பாருங்க."

"அப்ப அந்தப் பதினோரு பேரையாவது இப்பவே திரும்பப் போட்டுடறேன் சார். பேனல் பூட்டிக்கிட்டா அப்புறம் யாராலயும் முடியாது."

"போட்டா பன்னிரண்டு ஆயிடுமேம்மா."

ஏழு பேர் தலையாட்டினார்கள். குறிப்பெழுதும் அம்மாள் ஒரு தாளைத் தலைவர் முன் வைத்தார். நிறுவியவர் பத்தியில் கடைசியாக ஒரே ஒரு பெயர் இருந்தது. பூஜ்யத்தார் அதைப் படித்தார், பிறகு நிமிர்ந்து, இருமுவதுபோல மெதுவாக, "நீங்க வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கம்மா" என்றார். அவள் ஓடினாள். மூன்றாவது மாடிக்கு அவள் இறங்கிப் போவதற்குள் அவளுடைய கணக்கும் போய்விட்டிருந்தது, குளிர் அறைக் கதவில் அவளுடைய அட்டைக்குச் சிவப்பு விளக்குதான் எரிந்தது. ஆறு மணிவரை அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, தட்டி, கெஞ்சி, கடைசியில் அழுதாள். உள்ளே கம்ப்யூட்டர் முன்னைவிடச் சத்தம் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது, அதற்குச் செய்ய வேலை அதிகம் இல்லை.

மறுநாள் செவ்வாய். காலை ஆறு மணிக்கு அண்ணனின் அட்டைக்குக் கதவு பச்சை காட்டித் திறந்தது. துணைக்கு வந்தவள் என்று அவளும் உள்ளே போனாள். பன்னிரண்டு மெஷின்களில் பதினொன்றுக்கு உறை போட்டிருந்தது. நர்ஸ் தன் கையிலிருந்த தாளை மறுபடி மறுபடி பார்த்தாள், பிறகு அண்ணனின் கையில் ஊசியைக் குத்தினாள். குழாயில் ரத்தம் ஏறியது.

கதவுக்கு வெளியே பெஞ்சில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. இரட்டைக் குழந்தைக்காரி மட்டும் ஒரு முறை மணி பார்த்தாள்.

"உன்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன்" என்றான் அண்ணன். "நீ வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள வெளிய ஒரே கலவரம். ஒருத்தருக்கும் கதவு திறக்கல. வாத்தியாருக்கு முகமெல்லாம் வீங்கிக்கிடக்கு, பாவம், கத்த ஆரம்பிச்சிட்டாரு. நான்தான் எல்லாரையும் உக்கார வச்சேன்."

"என்ன சொன்ன?"

"என் தங்கச்சி அந்த ஆபீஸ்லதான் இருக்கா, பட்டியலைப் பாத்துக்குறதே அவதான்னு சொன்னேன். யாரோ ஒரு முட்டாள் தப்பாக் கை வச்சிருக்கான், அவ போய் ஒரு பொத்தானைத் தட்டினா சரியாயிடும், பயப்படாம உக்காருங்கன்னு சொன்னேன். அப்புறம்தான் அடங்கினாங்க." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "போய் என்னன்னு பாரு. நாலு மணி நேரம் நான் இங்கதானே கிடக்கப் போறேன்."

அவளுக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது. பதினோரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வாத்தியார் வீங்கிய முகத்தோடு சிரித்தார். தையல்காரர் எல்லோரையும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, பெஞ்சின் நடுவில் அவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

"வாங்கம்மா, நீங்க வந்துட்டீங்கல்ல" என்றார். "ஒண்ணும் அவசரமில்ல. நிதானமா பாத்துப் பண்ணுங்க, நாங்க இருக்கோம்."

அவள் உட்கார்ந்தாள்.